படிப்பவருக்குப் படியளப்பது யார்?

ப்னே ப்ராக், இஸ்ரேல்

அன்புள்ள மேரி,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததே, அதுவே பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் வேளை தவறாமல் விடு. உன் மகளுக்கு நர்சிங் சீட் கிடைத்ததைக் கேட்டு எனக்குத் தலைகால் புரியவில்லை.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். கறுப்புக் கோட்டுப் போட்ட ஹரேதிகள், அதாவது மத ஆசாரத்தைக் கறாராகப் பின்பற்றும் யூதர்கள், ரோட்டை மறிப்பதை டிவியில் பார்த்துவிட்டு, "வேதம் படிக்கிறவங்களுக்கு அரசாங்கம் காசு கொடுத்தா என்ன தப்பு?" என்று எழுதியிருக்கிறாய். நான் வேலை பார்ப்பது அவர்கள் ஊரிலேயே. நான் கவனித்துக்கொள்ளும் பாட்டியின் பேத்தி வீட்டுக்காரர் கோலேலில் படிக்கிறார். கல்யாணமான ஆண்கள் முழுநேரமாகத் தல்மூது என்ற யூத மதச் சட்ட நூலைப் படிக்கும் இடம் அது. மாசாமாசம் கையில் ஒரு சின்னத் தொகை தருவார்கள்.

அதைச் சோம்பேறிகள் மடம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். மருந்துக் கடைக்குப் போகும் வழியில் அந்தக் கட்டடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, ஒரே பத்தியை முன்னால் வைத்துக்கொண்டு, தொண்டை கட்டுமளவுக்கு வாதாடுகிற சத்தம் தெரு வரை கேட்கும். ஒன்பது மணிக்குத் தொடங்கினால் மதியம் வரை, அப்புறம் மறுபடி சாயங்காலம். பேத்தி ஆறரைக்கே கணக்கு எழுதும் வேலைக்குக் கிளம்பிவிடுவாள், இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. ஹரேதி சமூகத்தில் ஆண்களில் ஏறத்தாழப் பாதிப் பேர்தான் வேலைக்குப் போகிறார்கள். பெண்களில் ஐந்துக்கு நாலு பேர் போகிறார்கள். அந்த வீடுகள் ஓடுவது பெண்களின் உழைப்பில் என்பதை நான் தினமும் பார்க்கிறேன்.

படிப்பவருக்கு யார் காசு கொடுப்பது என்ற இந்தச் சண்டை நேற்று வந்ததில்லை. இவர்கள் ரம்பாம் என்று கொண்டாடும் 12ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ், வேலை செய்யாமல் தானத்தில் வாழ்ந்துகொண்டு தோரா என்ற வேதத்தைப் படிக்கிறேன் என்று கிளம்புவது கடவுளின் பெயருக்கே இழுக்கு என்று கடுமையாக எழுதிவைத்தார். ஆனால் அவரே படித்து எழுதிய காலத்தில் குடும்பத்தைத் தாங்கியவர் தம்பி தாவீது, ரத்தின வியாபாரி. அந்தத் தம்பி நம் இந்தியப் பெருங்கடலில்தான் மூழ்கிப் போனார். ஒரு வருஷம் போல ரம்பாம் படுத்த படுக்கையாகக் கிடந்தார். அப்புறம் எகிப்தில் வைத்தியராக வேலை பார்த்து, தம்பியின் விதவையையும் சின்ன மகளையும் சேர்த்துக் காப்பாற்றினார். அண்ணன் படிக்கத் தம்பி சம்பாதித்தது தானமா, கூட்டா என்று நான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். 16ஆம் நூற்றாண்டில் யோசேப் காரோ என்ற மதச் சட்ட அறிஞர், தாங்கிப் பிடிக்க ஆள் இல்லாவிட்டால் தோராவே மறந்துபோயிருக்கும் என்று ரம்பாமுக்குப் பதில் எழுதினார். நடைமுறையில் ஜெயித்தது காரோவின் வாதம்தான்.

ஐரோப்பாவில் ஏழை மாணவர்கள் ஊரில் வீடுவீடாக வாரச் சாப்பாடு சாப்பிட்டுத்தான் படித்தார்கள். 1803இல் இன்றைய பெலாரஸில் உள்ள வோலோஷினில் யெஷிவா என்ற மதக் கல்விக்கூடத்தைத் தொடங்கிய ரபி (மதகுரு) ஹாயிம் அந்த வழக்கத்தை நிறுத்தினார். பல ஊர்களுக்கு ஆள் அனுப்பிக் காசு திரட்டி மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுத்தார். 1877இல் லிதுவேனியாவின் கோவ்னோவில் கோலேல் தொடங்கியதும் பெர்லின் செல்வந்தர் ஒருவர் தந்த பணத்தில்தான். அரசாங்கம் எதிலும் இல்லை.

ஆனால் சமூகத்தின் கையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதை ஜெருசலேம் பார்த்திருக்கிறது. அங்கே படித்துக்கொண்டிருந்த குடும்பங்கள் ஐரோப்பாவிலிருந்து வரும் நன்கொடையில் வாழ்ந்தன. 1914இல் போர் வந்தது, பணம் நின்றது. ஜனங்கள் பட்டினியில் செத்தார்கள்.

இஸ்ரேல் பிறந்த 1948இல் முதல் பிரதமர் பென் குரியன் 400 யெஷிவா மாணவர்களுக்கு மட்டும் கட்டாயப் பட்டாளச் சேவையிலிருந்து விலக்குக் கொடுத்தார். நாஜிகளின் அழிப்பில் ஐரோப்பாவின் யெஷிவாக்களெல்லாம் சாம்பலான நேரம் அது, மிச்சமிருந்த தீப்பொறியை அணையாமல் காப்பது நியாயம்தான். 1977இல் பெகின் பிரதமராக ஆட்சிக்கு வந்ததும் எண்ணிக்கை வரம்பு போய்விட்டது. அதற்கப்புறம் ஒவ்வொரு கூட்டணிப் பேரத்திலும் யெஷிவாப் பணம் ஒரு பொருளாகிவிட்டது. 2010இல் உச்ச நீதிமன்றம், கல்லூரி மாணவருக்குக் கொடுக்காத வருமான உதவியைக் கோலேல் மாணவருக்கு மட்டும் கொடுப்பது சமத்துவம் இல்லை என்றது. 2024 ஜூன் 25 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துச் சொன்னார்கள்: விலக்குத் தர இப்போது சட்டமே இல்லை, பட்டாளத்துக்கு அழைக்க வேண்டியவர்களின் பேரில் யெஷிவாக்களுக்குப் பணமும் தரக் கூடாது. நீ டிவியில் பார்த்த மறியல் இதற்குத்தான்.

பக்கத்து ராமத் கானில் நம் ஊர்ப் பெண் ஒருத்தி ஒரு தாத்தாவைப் பார்த்துக்கொள்கிறாள். அவருடைய பேரன் ரிசர்வ் படையில் திரும்பத் திரும்பப் போகிறான். அந்தப் பையனின் அம்மா ஜன்னலோரம் போனைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பாளாம். தன் வரிப்பணம் தன் மகனுக்குப் பதில் படிப்பவனுக்குப் போகிறது என்று அவள் கொதித்தால், அதில் தப்புச் சொல்ல எனக்கு வாய் வராது.

அதனால் என் மனசில் பட்டதைச் சொல்கிறேன். படிப்பவருக்குப் படியளக்க வேண்டியது அந்தப் படிப்பை விரும்புகிறவர்கள். இவர்களிடம் அதற்கு அழகான வழக்கமே இருக்கிறது. வியாபாரம் செய்த செபுலோன் கோத்திரமும் படித்த இசக்கார் கோத்திரமும் பங்காளிகள் என்பார்கள். ஒருவர் சம்பாதிப்பார், ஒருவர் படிப்பார், புண்ணியத்தில் இருவருக்கும் பங்கு. இதற்கு எழுத்தில் ஒப்பந்தம் போடுகிறவர்களும் உண்டு. பாட்டி வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் முன் நடுங்கும் கையால் தகர உண்டியலில் காசு போடுவார். யாருக்குப் போகிறது என்று அவருக்குத் தெரியும். கொடுக்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் முகம் தெரிந்திருந்தால், யார் நிஜமாகப் படிக்கிறார், யார் பேருக்கு உட்கார்ந்திருக்கிறார் என்பதும் தெரியும். அமெரிக்காவின் லேக்வுட்டில் ஆயிரக்கணக்கானோர் படிப்பது பெரும்பாலும் நன்கொடையிலும், மாமனார் உதவியிலும், மனைவி சம்பளத்திலும்தான். ஏழை மாணவர்களுக்கான அரசு உதவித்தொகையும் சிலருக்கு உண்டு, ஆனால் அது தகுதியுள்ள எந்தக் கல்லூரி மாணவருக்கும் உள்ளதுதான். சத்மார் ஹசித்துகள் என்ற ஹரேதிப் பிரிவினர் இஸ்ரேல் அரசின் காசைத் தொடுவதே இல்லை, அவர்கள் யெஷிவாக்களும் நடக்கத்தான் செய்கின்றன. 2024இல் இங்குள்ள மூத்த ரபிகளே நிதி கேட்டு அமெரிக்காவுக்குப் பறந்தார்கள்.

எல்லாரையும் சமூகம் தாங்காது, நிஜம். எண்ணிக்கை குறையும், பலர் வேலைக்குப் போவார்கள். போகட்டும் என்றுதான் நினைக்கிறேன். பேத்தி வீட்டுக்காரர் அதில் ஒருவராக இருக்கலாம் என்று நினைத்தால் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் அவர் உயிரைக் கொடுத்துப் படிக்கிறவர். ஆனால் குழந்தைகளைத் தொடக் கூடாது. இந்தக் கெடுபிடியில் குழந்தைக் காப்பகக் கட்டணச் சலுகையும் சிக்கிக்கொண்டது. அப்பா படிக்கிறாரா, பட்டாளத்துக்குப் போனாரா என்று பார்த்து ஒரு பிள்ளைக்குப் பால் ஊற்றுவது எந்த அரசாங்கத்துக்கும் அழகில்லை. குழந்தைகள் விஷயத்தில் 1914 பட்டினி திரும்ப வரக் கூடாது, அதைத் தடுப்பது அரசின் வேலை.

நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது, விரிவாக எழுது. அம்மாவின் அடுத்த செக்கப்புக்குப் பணம் வேண்டுமென்றால் கூசாமல் கேள்.

அன்புடன்,
ஜெயா