வீட்டை இப்போது உன் பெயருக்கு எழுதப் போவதில்லை

கண்ணு,

சென்னிமலையில் என் அப்பா, உன் அப்பாரு, கட்டிய வீட்டை உன் பெயருக்கு எழுதிவிடலாம் என்று அம்மா தை மாசத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறாள். பத்திரம் எழுதுபவரிடமும் பேசி வைத்திருந்தேன். நீ அனுப்பிய லைஃப்டைம் ஐசா என்கிற பிரிட்டிஷ் சேமிப்புக் கணக்கின் விவரத்தைப் படித்த பிறகு அவரைப் பொறுக்கச் சொல்லிவிட்டேன்.

போடுகிற பணத்துக்கு மேல் நூற்றுக்கு 25 சேர்த்துத் தருகிறார்கள் என்றால் நம்ம ஊர்க்காரனுக்கு முதலில் ஈமு கோழிதான் ஞாபகம் வரும். பெருந்துறைப் பக்கம் அதில் பணத்தை விட்டவர்கள் கதை உனக்கும் தெரியும். ஆனால் இது பிரிட்டிஷ் அரசாங்கமே 2017 ஏப்ரலில் ஆரம்பித்தது. வருஷத்துக்கு 4,000 பவுண்டு வரை போட்டால் அரசு 1,000 சேர்க்கிறது. முதல் வீடு வாங்க எடுக்கலாம், இல்லையென்றால் 60 வயதுக்கு மேல் எடுக்கலாம்.

முதல் வீடு என்றால் அந்த நாட்டில் முதல் வீடு என்று நினைத்துக்கொள்ளாதே. உலகத்தில் எங்கேயுமே உனக்குச் சொந்த வீடு இருந்திருக்கக் கூடாது. பாட்டன் சொத்தில் பங்காக வந்ததும் கணக்குத்தான். நாங்கள் ஆசை ஆசையாய் தான செட்டில்மெண்ட் எழுதி, சார்பதிவாளர் ஆபீஸில் கைரேகை வைத்துவிட்டு வந்தால், வீட்டுக்கென்று நீ அங்கே சேர்த்தது 60 வயது வரை மாட்டிக்கொள்ளும். அதனால் நீ அங்கே வீடு வாங்கிச் சாவி கைக்கு வரட்டும், அப்புறம் எழுதுகிறேன். அம்மாவுக்கு முகம் வாடித்தான் போச்சு. உயிலும் இப்போது வேண்டாமா என்று கேட்கிறாள். உயில் இருக்கட்டும், நாங்கள் இருக்கும் வரை அது உன்னை ஒன்றும் செய்யாது.

அவசரத்துக்கு இதில் கை வைக்காதே. உன் 4,000, அரசின் 1,000, ஆக 5,000. நடுவில் எடுத்தால் அந்த மொத்தத்தில் 25 சதவீதம், அதாவது 1,250 பிடிப்பார்கள். கைக்கு வருவது 3,750. கொடுத்ததைத் திருப்பி வாங்குவதோடு நிற்காமல் உன் சொந்தப் பணத்திலும் 250 போகிறது. ஆஸ்பத்திரிச் செலவு, ஊருக்கு வரும் டிக்கெட், இதற்கெல்லாம் தனியாகச் சாதாரண கணக்கில் கொஞ்சம் வைத்துக்கொள்.

வீட்டு விலை 4,50,000 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது. 2017-இல் வைத்த வரம்பு, இன்னும் ஏறவில்லை. லீட்ஸில் இருக்கும் வரை சரி, லண்டனுக்கு மாறுகிறோம் என்றால் யோசித்துச் செய். முதல் தவணை போட்டு 12 மாதம் ஆகியிருக்க வேண்டும், வங்கிக் கடனோடுதான் வாங்க வேண்டும். நீ இந்த மாசமே கொஞ்சமாவது போட்டுத் திறந்துவிடு, அந்த 12 மாதம் ஓடத் தொடங்கட்டும்.

இதற்காகக் கம்பெனி பென்ஷனை நிறுத்திவிடாதே. அதில் முதலாளியும் குறைந்தது 3 சதவீதம் போட வேண்டும், நீ விலகினால் அதை விடுவதுதான். மில்லில் பி.எஃப். பிடித்த காலத்தில் நாங்களும் முணுமுணுத்தவர்கள்தான். அந்தப் பணம்தான் பிற்பாடு மாடி வீடாச்சு.

மாப்பிள்ளை விஷயம் வேறு. காங்கேயம் வீடு ஏற்கெனவே அவர் பெயரில் இருப்பதால் வீடு வாங்க அவருக்கு இது உதவாது. நீங்கள் சேர்ந்து வாங்கினாலும் உன் பங்குக்கு நீ எடுக்கலாம், அதில் தடையில்லை. அவருக்கு இது வயசான காலத்துக்கு ஆகும். 50 வயது வரை போடலாம். ஆனால் 40 பிறந்துவிட்டால் கணக்கே திறக்க முடியாது. நாளைக்கு ஊருக்கே வந்துவிட்டால் கணக்கு இருக்கும், புதிதாகப் போட முடியாது, அதையும் சொல். ஆவணியில் அவருக்கு 40 ஆகிறது. ஆடிக்குள் ஒரு பவுண்டாவது போட்டுத் திறந்து வைக்கச் சொல்லிவிட்டு எனக்குப் போன் பண்ணு.

அப்பா