சனிக்கிழமை காலை விமானத்தில் வா

அன்பு மகள் ஜெசிந்தாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நாம் எல்லோரும் சியாட்டிலில் ஏறப் போகும் அலாஸ்கா சுற்றுலாக் கப்பலுக்காக நீ அனுப்பிய மூன்று விமான நேரத்தையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சனி காலை, சனி ராத்திரி, ஞாயிறு விடியக்காலை. மாப்பிள்ளைக்கு ஞாயிறுதான் பிடித்திருக்கிறது என்று உன் எழுத்திலேயே தெரிகிறது. போனில் சொன்னால் "சரிப்பா, பாத்துக்கலாம்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். மாப்பிள்ளையும் இதைப் படிக்கட்டும்.

அவர் போட்ட கணக்கு தப்பில்லை. சிகாகோவில் 7 மணிக்கு ஏறினால் நாலரை மணி நேரப் பயணம், கடிகாரம் இரண்டு மணி நேரம் பின்னால் போகும், சியாட்டிலில் 9.30க்கு இறங்கலாம். கப்பல் அன்று மாலை 4 மணிக்கு. ஆறரை மணி நேரம் கையில் இருக்கிறது, ஒரு ராத்திரி ஹோட்டல் வாடகையும் மிச்சம். ஆகஸ்டில் அங்கே என்ன வாடகை கேட்கிறான் என்று நானும் பார்த்தேன். மனசு வரவில்லைதான். பெரும்பாலும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துவிடுவீர்கள் என்பதையும் நான் மறுக்கவில்லை. விடியக்காலை முதல் விமானம் ராத்திரியே வந்து நின்றிருக்கும், அது தாமதமாவது குறைவு.

ஆனால் அந்த 4 மணி, நீ கப்பலில் ஏறும் நேரம் இல்லையம்மா. கயிறு அவிழ்க்கும் நேரம். அமெரிக்காவிலிருந்து கப்பல் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே, யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்ற பட்டியல் அவர்களுடைய சுங்க, எல்லை அதிகாரிகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு வாசலில் நின்று அழுதாலும் பெயர் சேர்க்க மாட்டார்கள். அதனால் கதவை அதற்கும் முன்னால் மூடுவார்கள். எத்தனை மணிக்கு என்று உன் டிக்கெட்டிலேயே போட்டிருக்கும், எடுத்துப் பார். இன்னொன்றும் உண்டு. ஆபத்து வந்தால் எங்கே போய்க் கூட வேண்டும் என்று பயணிகளுக்குக் காட்டுவார்களே, அந்த ஒத்திகையை முன்பெல்லாம் ஏறி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும். 2012இல் இத்தாலிக் கரையில் கோஸ்டா கன்கார்டியா என்ற பயணிகள் கப்பல் சாய்ந்த பிறகு விதியை மாற்றிவிட்டார்கள். இப்போது புறப்படும் முன்பே, இல்லாவிட்டால் புறப்பட்ட கையோடு நடத்தியாக வேண்டும். ஆக மாப்பிள்ளையின் ஆறரை மணி நேரத்தில் பின்பக்கம் ஒன்றரை, இரண்டு மணி நேரம் போய்விட்டது. முன்பக்கம் பெட்டிக்குக் காத்திருப்பது, ஞாயிற்றுக்கிழமை நெடுஞ்சாலை, அன்றைக்கு ஸ்டேடியத்தில் பேஸ்பால் மாட்ச் இருந்தால் அந்தக் கூட்டம். மிச்சம் எவ்வளவு என்று அவரே போட்டுப் பார்க்கட்டும்.

நாலு பேருக்காகக் கப்பல் கொஞ்சம் நிற்காதா என்று நீ கேட்பாய். நிற்காது. அது காலையில்தான் போன பயணத்தின் ஆட்களோடு வந்து கட்டியிருக்கும். ஒரே பகலில் ஆயிரக்கணக்கான பேரை இறக்கி, அதே அளவு பேரை ஏற்றி, ஒரு வாரத்துக்குச் சாப்பாடு, எண்ணெய் எல்லாம் வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். கப்பலுக்கு வழிகாட்டும் பைலட்டுக்கு நேரம் சொல்லியாகிவிட்டது. அவர் போர்ட் ஏஞ்சல்ஸ் வரைக்கும் கூட வந்து அங்கேதான் இறங்குவார். அதற்கு மேலே வடக்கே எல்லா இடத்திலும் சீட்டு வாங்கி வைத்திருக்கிறார்கள். அலாஸ்காவில் ஜூனோ துறைமுகத்தில் 2024இலிருந்து ஒரு நாளைக்கு ஐந்து பெரிய கப்பலுக்கு மேல் கிடையாது. பனியாறு பார்க்கப் போகும் கிளேசியர் பே வளைகுடா உள்ளே நாளைக்கு இரண்டே இரண்டு பயணிகள் கப்பல். அந்த முறையைத் தவறவிட்டால் கப்பலில் இருக்கும் அத்தனை பேருக்கும் பனியாறு போச்சு. எந்த கேப்டன் அதற்குத் துணிவான்?

நான் கப்பலில் செராங்காக, தளத்து ஆட்களுக்குத் தலைவனாக, இருந்தபோது என் இடம் முன்தளம். கயிறு விடும்போது அங்கேதான் நிற்பேன். டர்பனில் ஒரு தடவை, எங்கள் ஆட்கள் இரண்டு பேர் கரைக்குப் போனவர்கள் திரும்பவில்லை. கேங்வே தூக்கியாச்சு, டக் படகு இழுக்கத் தொடங்கியாச்சு. கடைசிக் கயிறு தண்ணீரில் விழும்போது இரண்டு பேரும் சாமான் பையோடு ஓடி வருகிறார்கள். தளத்திலிருந்து நான் அவர்கள் முகத்தைப் பார்க்கிறேன், அவர்கள் என் முகத்தைப் பார்க்கிறார்கள். நடுவே இருபது அடித் தண்ணீர். கேப்டன் அவர்களுடைய பாஸ்போர்ட்டையும் மாலுமிப் புத்தகமான சி.டி.சி.யையும் முன்பே ஏஜென்ட் கையில் கொடுத்து அனுப்பியிருந்தார். வழக்கம் அதுதான், கோபமே கிடையாது, காகிதத்தைக் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். அந்தப் பையன்கள் அங்கே மாலுமிகள் இல்லத்தில் தங்கி, பிறகு அடுத்த துறைமுகத்தில் வந்து ஏறினார்கள். செலவு சம்பளத்தில் கழிந்தது.

அவர்களுக்காவது அடுத்த துறைமுகம் இருந்தது. உனக்கு அதுவும் இல்லை, இதுதான் மாப்பிள்ளைக்குத் தெரிந்திருக்காது. "தவறினால் ஜூனோவுக்குப் பறந்து போய் ஏறிக்கலாம்" என்று அவர் சொன்னதாக எழுதியிருந்தாய். முடியாது. அமெரிக்காவில் 1886இல் போட்ட ஒரு சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. வெளிநாட்டுக் கொடி போட்ட கப்பல், ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் ஆள் ஏற்றி வேறொரு அமெரிக்கத் துறைமுகத்தில் இறக்கக் கூடாது. கப்பலின் பின்புறம் பார், பெயருக்குக் கீழே நாசோ என்றோ ஹாமில்டன் என்றோ எழுதியிருக்கும். சியாட்டிலில் ஏறி சியாட்டிலிலேயே இறங்கினால், வழியில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகம் தொட்டால் போதும். கடைசி நாள் சாயங்காலம் கனடாவின் விக்டோரியாவில் சில மணி நேரம் நிறுத்துகிறார்களே, ஊர் அழகுக்காக மட்டும் என்று நினைத்தாயா? ஜூனோவில் ஏறி சியாட்டிலில் இறங்கினால் அந்த விக்டோரியா கணக்கில் வராது, கனடா பக்கத்து நாடு என்பதால். அபராதம் தலைக்கு இவ்வளவு என்று இருக்கிறது, அதனால் கப்பல்காரனே ஏற்ற மாட்டான். கொரோனா சமயம் 2021இல் கனடா துறைமுகங்களை மூடியபோது, அலாஸ்காவுக்குக் கப்பல் விடவே அமெரிக்க நாடாளுமன்றம் தனியாகச் சட்டம் போட வேண்டியிருந்தது. வான்கூவரிலிருந்து புறப்பட்டு அங்கேயே திரும்பும் கப்பலாக இருந்தால் நடுவில் ஏறிக்கொள்ள இந்தச் சட்டம் குறுக்கே நிற்காது. நாம் எடுத்தது சியாட்டில்.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்பாய். பணம் வரும். அதுவும் பாலிசியில் எழுதிய காரணத்துக்கு, எழுதிய மணி நேரத்துக்கு மேல் தாமதமானால். விமானக் கம்பெனி ரத்து செய்தால் டிக்கெட் காசைத் திருப்பித் தருவான். உனக்குக் கப்பல் இருக்கிறது என்பது அவன் பாடு இல்லை.

இப்போது நான் சொல்ல வந்ததுக்கு வருகிறேன். ஒரு நாள் முன்னாலா, இரண்டு நாள் முன்னாலா என்று நாளைக் கணக்குப் பண்ணாதே. நீ ஏறும் விமானம் போகாவிட்டால் உனக்குப் பின்னால் இன்னும் எத்தனை விமானம் மிச்சம் இருக்கிறது என்று எண்ணு. ஞாயிறு 7 மணி விமானத்துக்குப் பின்னால் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அதிலும் ஆகஸ்ட், எல்லாம் நிறைந்து போகும். ஒரு சீட் கிடைக்கலாம், நாலு சீட் சேர்ந்து எங்கே கிடைக்கும்? சனி ராத்திரி விமானம் பார்வைக்கு "முந்தின நாள்" மாதிரி இருக்கிறது, எனக்கு அதிலும் நம்பிக்கை இல்லை. கோடையில் சிகாகோவில் மதியத்துக்கு மேல்தான் இடி மழை திரண்டு வரும், ஓஹேர் விமான நிலையத்தில் விமானங்களை நிறுத்தி வைப்பார்கள் என்று நீயேதான் எத்தனையோ தடவை புலம்பியிருக்கிறாய். பகல் முழுக்கச் சேர்ந்த தாமதம் எல்லாம் ராத்திரி விமானத்தின் தலையில் விழும். அது ரத்தானால் விடிந்ததும் அதே ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில்தான் நிற்பாய், தூக்கமும் போயிருக்கும். சனி காலை என்றால் அன்றைய பகல் விமானங்கள் முழுவதும் பின்னால் இருக்கின்றன, அதற்கும் பின்னால் ஞாயிறு காலை இருக்கிறது. லீவும் போட வேண்டாம். கூடுதல் செலவு ஒரே ஒரு ராத்திரி ஹோட்டல்.

எங்களை வேலைக்குக் கூட்டிப்போன கம்பெனிகள் சோப்புக் கட்டியைக்கூட எண்ணித்தான் கொடுப்பார்கள். அப்படிப்பட்டவர்களே கப்பலில் சேரப் போகும் ஆளை முந்தின நாளே இறக்கி ஹோட்டலில் போடுவார்கள். பாசத்தில் இல்லை. கணக்குப் பார்த்துத்தான்.

இதே கணக்கை எங்களுக்கும் போட்டுப் பார்த்தேன். நீ எங்களைச் சனிக்கிழமை மதியம் வந்து இறங்கச் சொல்லியிருக்கிறாய். துபாயிலிருந்து சியாட்டிலுக்கு எங்களுக்குப் பின்னால் இருப்பது மறுநாள் விமானம் ஒன்றுதான், அது ஞாயிறு மதியம் வந்து சேரும். அதனால் நாங்கள் வெள்ளிக்கிழமை, 21ஆம் தேதியே இறங்குகிற மாதிரி டிக்கெட் போடு. பெட்டி ஏதாவது துபாயில் தங்கிவிட்டாலும் மறுநாள் வந்துவிடும். கப்பல் ஏறிய பிறகு வந்தால் பெட்டி நம்மைத் தேடி அலாஸ்காவெல்லாம் அலைய வேண்டும். நம் ஊருக்கும் சியாட்டிலுக்கும் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். அம்மாவுக்கு ராத்திரி பகல் தலைகீழாகிவிடும், கால் வேறு வீங்கும். கப்பலில் முதல் நாளே படுத்துக் கிடப்பதைவிட ஹோட்டலில் ஒரு நாள் படுத்துக் கிடக்கட்டும். சிகாகோ வந்து உங்களோடு சேர்ந்து போகலாம் என்று அம்மா ஒரு யோசனை சொன்னாள், பேரனோடு நாலு மணி நேரம் பக்கத்தில் உட்காரலாமே என்று. வேண்டாம் என்றேன். சிகாகோவில் இறங்கினால் அங்கேயே குடியேற்ற வரிசை, பெட்டியை எடுத்துத் திரும்பப் போடுவது எல்லாம் இருக்கும். நேரே சியாட்டில்தான் நல்லது. கனடா விசா இரண்டு பேருக்கும் வந்துவிட்டது, கவலைப்படாதே.

ஒன்றுக்கு மட்டும் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை, உலகம் பூராவும் கம்ப்யூட்டர் படுத்ததே, சில விமானக் கம்பெனிகளுக்கு நிமிர நாலைந்து நாள் ஆனது. அன்றைக்குச் சனி காலை டிக்கெட் வைத்திருந்தவனும் அகப்பட்டுத்தான் இருப்பான். அடுத்த மாதமே, ஆகஸ்ட் 24, சியாட்டில் விமான நிலையத்திலேயே யாரோ இணையம் வழியாகப் புகுந்து கெடுத்துவிட்டார்கள். பெட்டி பிரிக்கிற இயந்திரம் நின்று, சில கம்பெனிகள் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தன. அங்கே விமான நிலையத்தையும் துறைமுகத்தையும் நடத்துவது ஒரே நிர்வாகம் தெரியுமா? இதையெல்லாம் நினைத்து ஒரு வாரம் முன்னால் வா என்று சொல்ல மாட்டேன். அதற்குத்தான் அந்த இன்ஷூரன்ஸ்.

ஹோட்டலை விமான நிலையம் பக்கத்தில் எடுக்காதே. ராத்திரி பதினொன்றுக்கு இறங்குகிறவர்களுக்கு அது சரி. காலையில் வருகிறவர்கள் ஊருக்குள்ளே எடுத்துவிட்டால், ஞாயிறு காலை நெடுஞ்சாலையே வேண்டாம். விமான நிலையத்திலிருந்து வெஸ்ட்லேக் வரை ரயில் இருக்கிறது, முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஹோட்டலிலிருந்து கப்பலுக்கு மட்டும் டாக்சி எடு. கடலைப் பார்த்து இறங்கும் தெருவெல்லாம் சறுக்கு மாதிரி செங்குத்து, பெட்டியோடு அம்மாவால் ஆகாது. எந்தத் துறை என்று டிக்கெட்டில் பார்த்து டிரைவரிடம் எண்ணைச் சொல். பியர் 66 ஊருக்கு நடுவே, பியர் 91 வடமேற்கே தள்ளி இருக்கிறது. சனி மதியம் பைக் பிளேஸ் மார்க்கெட்டுக்கு என்னைக் கூட்டிப் போ, மீன் கடை பார்க்க வேண்டும். 1907இலிருந்து நடக்கிறதாம்.

துறைமுகத்தில் பெரிய பெட்டியை வாங்கிக்கொள்வார்கள், அறைக்கு வர சாயங்காலம் ஆகும். மாத்திரை, பாஸ்போர்ட், பிள்ளைகளுக்கு ஒரு மாற்றுத்துணி கைப்பையில் இருக்கட்டும். திரும்பும் நாள் மதியம் ஒரு மணிக்கு முன்னால் விமானம் போடாதே, இறங்கும் வரிசை நீளம்.

மாதா கோவில் கொடி ஜூலை 26 ஏறுகிறது. ஆகஸ்ட் 5 பெருவிழா முடிந்துதான் அம்மா பெட்டியே எடுப்பாள், அதனால் எங்கள் டிக்கெட்டை அதற்கு முன்னாலேயே போட்டு அனுப்பிவிடு. முத்துநகர் எக்ஸ்பிரஸில் சென்னைக்கு இடம் பார்க்க வேண்டும், அதற்கும் முந்தின நாள்தான் போடப் போகிறேன். அந்த ஒரு ராத்திரி ஹோட்டல் காசு மாப்பிள்ளைக்குப் பாரமாக இருந்தால் நான் தருகிறேன் என்று சொல், கோபித்துக்கொண்டாவது எடுத்துவிடுவார். பேரனுக்கு மக்ரூன் அரைக் கிலோ போதுமா, ஒரு கிலோவா என்று அம்மா கேட்கிறாள். புதன்கிழமைக்குள் இரண்டுக்கும் பதில் போடு.

அன்புடன்,
அப்பா