கல்கத்தா பேராயரை விட்டுவிட்டு நம் சபை வரலாறு எழுத முடியுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழகத் திருச்சபைகளின் வரலாறு பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல முயற்சி. ஆனால் தரங்கம்பாடியில் தொடங்கி, ஸ்வார்ட்ஸ், ரேனியஸ், கால்டுவெல் என்ற மிஷனரிகள் வழியாக வந்து, நேராக 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானதில் போய் நின்றுவிட்டது. நடுவில் நூறு வருஷத்துக்கும் மேலாக நம் ஊர் ஆங்கிலிக்கன் சபைகளுக்கு (இங்கிலாந்து சபையைச் சேர்ந்தவை) மேலே இருந்த கல்கத்தா பேராயர் பதவியைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. இது சின்ன விடுபடல் இல்லை என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

1813-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சாசனத்தைப் புதுப்பித்தபோது, இந்தியாவுக்கு ஒரு பேராயரும், கல்கத்தா, சென்னை, பம்பாய்க்குத் தலா ஓர் ஆர்ச்டீக்கனும் (பேராயருக்கு அடுத்த நிலை அதிகாரி) வேண்டும் என்று பிரிட்டிஷ் பார்லிமென்ட் முடிவு செய்தது. பேராயரின் சம்பளம் ஆண்டுக்கு 5,000 பவுன். அது இங்கிலாந்து சபையின் காணிக்கைப் பணம் கிடையாது, கம்பெனி இங்கே வசூலித்த வருவாயிலிருந்து போனது. அதாவது நியமிப்பது அரசர், சம்பளம் கொடுப்பது கம்பெனி. இந்த அடிப்படையைச் சொல்லாமல் அந்தப் பதவியைப் புரிந்துகொள்ளவே முடியாது. முதல் பேராயர் மிடில்டனை 1814-ல் லண்டனில் லாம்பெத் அரண்மனைச் சிற்றாலயத்தில் சத்தமில்லாமல் அபிஷேகம் செய்து அனுப்பினார்கள். இந்தியாவில் கலவரம் வந்துவிடுமோ என்ற பயத்தில் அன்றைய பிரசங்கத்தைக்கூட அச்சிடவில்லை.

மிடில்டனின் அதிகாரம் இந்தியா முழுக்க. பின்னால் இலங்கையும் சேர்ந்தது, 1824-ல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸும் கல்கத்தாவின் கீழ் வந்தது. சிட்னியில் இருந்த ஆர்ச்டீக்கனுக்குக் கல்கத்தாவில் இருப்பவர் மேலதிகாரி! ஆனால் இவ்வளவு பெரிய அதிகாரம் இருந்தும், ஓர் இந்தியருக்குக் குருப்பட்டம் கொடுக்கத் தனக்குச் சட்டப்படி உரிமை இல்லை என்று மிடில்டன் நினைத்தார். அவர் காலம் முழுக்க ஒருவருக்கும் கொடுக்கவில்லை. 1823-ல் பார்லிமென்ட் தனியாக ஒரு சட்டம் போட்ட பிறகுதான் வழி திறந்தது.

அந்த வழியில் முதலில் போனவர் ஒரு தமிழர். தஞ்சையில் ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்து, யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்த கிறிஸ்டியன் டேவிட். 1824-ல் பேராயர் ரெஜினால்ட் ஹீபர் அவருக்குக் கல்கத்தாவில் குருப்பட்டம் கொடுத்தார். ஆங்கிலிக்கன் சபையில் குருவானவரான முதல் இந்தியர் இவர். இங்கே எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்?

ஹீபரும் நமக்குத் தூரத்து ஆள் இல்லை. 1826 ஈஸ்டரை அவர் தஞ்சாவூரில் ஆசரித்தார், சரபோஜி மன்னரைச் சந்தித்தார், அப்புறம் திருச்சிக்கு வந்தார். ஏப்ரல் 3-ம் தேதி காலையில் கோட்டைக்குள் இருந்த தமிழ்ச் சபை மக்களுக்குத் திடப்படுத்தல் ஆராதனை (ஞானஸ்நானம் பெற்றவர்களை விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் சடங்கு) நடத்திவிட்டுத் திரும்பியவர், குளிக்கப் போன இடத்தில் இறந்துபோனார். வயது 42. திருச்சி புனித யோவான் ஆலயத்தில்தான் அடக்கம். அவர் எழுதிய பாமாலைகளை இன்றும் பாடுகிறோம், எழுதியவர் கிடப்பது திருச்சியில் என்பது பாடுகிறவர்களில் பலருக்குத் தெரியாது.

அதன்பின் வந்த ஜேம்ஸ், டர்னர் இருவரும் 1828-லும் 1831-லும் இறந்தார்கள். பத்து வருஷத்துக்குள் நாலு பேராயர்கள் சாவு. ஒரே மனிதர் இத்தனை பெரிய நிலப்பரப்பைச் சுற்றிவர முடியாது என்பது அப்போதுதான் லண்டனுக்கு உறைத்தது. 1833-ன் புதிய சாசனச் சட்டப்படி சென்னைக்கும் பம்பாய்க்கும் தனிப் பேராயர்கள், கல்கத்தா பேராயர் எல்லோருக்கும் மேலே மெட்ரோபாலிட்டன், அதாவது தலைமைப் பேராயர் என்று ஏற்பாடு ஆனது. 1835-ல் டேனியல் காரி சென்னையின் முதல் பேராயர் ஆனார்.

கல்கத்தாவின் ஐந்தாவது பேராயராக வந்தவர் டேனியல் வில்சன். என் கடிதத்தின் முக்கிய விஷயம் இவரைப் பற்றியது. 1833 ஜூலையில் தென்னிந்தியச் சபைகளுக்கு அவர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். சாதி வேற்றுமையைச் சபைக்குள் முழுமையாக, உடனடியாக, அறுதியாகக் கைவிட வேண்டும் என்று அதில் உத்தரவு. ஆலயத்தில் தனித்தனியாக உட்காருவது, திருவிருந்தில் இன்னார் முதலில், இன்னார் பிறகு என்று வரிசை வைப்பது, எல்லாம் நிற்க வேண்டும். தஞ்சாவூரிலும் திருச்சியிலும் வேப்பேரியிலும் பெரிய கொந்தளிப்பு. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் போன்ற பெரிய கவிஞரே சாதி வழக்கத்தின் பக்கம்தான் நின்றார். பலர் சபையை விட்டே போனார்கள். பின்னால் ஜெர்மனியின் லுத்தரன் சபையான லைப்சிக் மிஷன் வந்தபோது, அவர்கள் சாதி விஷயத்தில் இவ்வளவு கெடுபிடி காட்டவில்லை என்பதற்காக அங்கே சேர்ந்தவர்களும் உண்டு.

இதில் கவனிக்க வேண்டியது, இதே நாற்காலியில் சில வருஷம் முன்பு உட்கார்ந்திருந்த ஹீபர் இதற்கு நேர்மாறாக யோசித்தார். சாதி என்பது உலக வழக்கம்தான், ஊரில் இருக்கும் அந்தஸ்து வித்தியாசம் மாதிரிதான், மிஷனரிகள் ரொம்பக் கடுமை காட்டுகிறார்கள் என்பது அவர் எண்ணம். கிறிஸ்டியன் டேவிட் அவரிடம் சொன்ன விளக்கமும் அப்படித்தான் இருந்தது. ஆக நம்மவர் ஒருவர் சொன்னதைக் கேட்டு ஒரு பேராயர் இளக்கம் காட்டினார், நம் மொழி தெரியாத இன்னொரு பேராயர் அதை உடைக்கப் பார்த்தார். என்னைக் கேட்டால் வில்சன் செய்ததுதான் சரி. உத்தரவு தூரத்திலிருந்து வந்தது, கம்பெனியின் சம்பளத்தில் இருந்தவர் போட்டது, கடைசி பெஞ்சில் இருந்தவர்களின் நிலைமை அதனால் ஒரே நாளில் மாறிவிடவில்லை, எல்லாம் உண்மை. ஆனாலும் திருவிருந்துப் பாத்திரத்துக்கு முன்னால் சாதி இல்லை என்று எழுத்தில், அதிகாரத்தோடு, ஒரு பேராயர் சொல்லிவிட்டார். அதைச் சொல்லி கிட்டத்தட்ட இருநூறு வருஷம் ஆகப்போகிறது, இன்னும் சில ஊர்களில் கல்லறைத் தோட்டம் இரண்டாக இருக்கிறது. இதை எழுதாமல் எழுதுகிற சபை வரலாறு யாருக்காக?

கட்டுரையில் கால்டுவெல்லுக்கு நிறைய இடம் கொடுத்திருந்தீர்கள். அவரும் இன்னொரு மிஷனரியான சார்ஜென்ட்டும் சென்னைப் பேராயரின் உதவிப் பேராயர்களாக 1877-ல் அபிஷேகம் பெற்றது கல்கத்தாவில்தான். அப்புறம் 1912 டிசம்பர் 29. திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, கல்கத்தா புனித பவுல் பேராலயத்தில் தெலுங்குப் பகுதியில் உள்ள தோர்ணக்கல்லின் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர். சென்னைப் பேராயர் ஒயிட்ஹெட் பல வருஷம் இதற்காக வாதாடினார். ஓர் இந்தியரின் கீழ் வெள்ளைக்கார மிஷனரிகள் வேலை செய்வதா என்று எதிர்ப்பு இருந்தது, இந்தியர்களிடமிருந்தும் எதிர்ப்பு வந்தது. கல்கத்தா பேராயர் பதவி உருவாகி 98 வருஷம் கழித்துத்தான் ஓர் இந்தியர் பேராயராக முடிந்தது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். கல்கத்தா நாற்காலியிலேயே ஓர் இந்தியர் அமர 1950 வரை ஆனது. அரவிந்த நாத் முகர்ஜிதான் அவர்.

1930-ல் இந்தியச் சபை இங்கிலாந்து சபையிலிருந்து சட்டப்படி தனியானது, 1947-ல் நம் தென் திருமண்டலங்கள் பிரிந்து வந்தன, 1970-ல் கல்கத்தா வட இந்தியத் திருச்சபைக்குள் போனது, மெட்ரோபாலிட்டன் பட்டம் முடிந்தது. இதெல்லாம் எல்லோரும் எழுதுவதுதான்.

என் கோரிக்கை ஒன்றுதான். இந்தத் தொடர் நூலாக வருவதாக இருந்தால், வில்சனின் 1833 சுற்றறிக்கையைத் தமிழில் முழுசாகப் போடுங்கள், அதை எதிர்த்தவர்கள் சொன்ன நியாயங்களையும் பக்கத்திலேயே போடுங்கள். கிறிஸ்டியன் டேவிட்டுக்கு ஒரு தனிக் கட்டுரை ஒதுக்குங்கள். பெரியவர்களின் பெயர் கெட்டுவிடும் என்று யாராவது தடுத்தால் கேட்காதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை