செனார்மோன்டைட்டும் வாலன்டினைட்டும் ஒரே கல் இல்லீங்க

மதிப்புக்குரிய ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயிறு மாணவர் பக்கத்துல கனிமங்களைப் பத்தி வந்த கட்டுரையில "செனார்மோன்டைட், வாலன்டினைட் ரெண்டும் ஒரே கல்தான், பேர்தான் வேற"ன்னு ஒரு வரி. படிச்சதுலேர்ந்து மனசு ஆறல ஐயா. ரெண்டுமே ஆண்டிமனிங்கிற தனிமம் ஆக்சிஜனோட சேர்ந்த கல்லுதான், ரெண்டு ஆண்டிமனிக்கு மூணு ஆக்சிஜன்ங்கிற கணக்கும் பொதுதான், அதுக்காக, ரெண்டுமே கார்பன்தானேன்னு வைரமும் பென்சில் கரியும் ஒண்ணுன்னு பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுப்பீங்களா? உங்களுக்குத் தெரியாததா இது.

செனார்மோன்டைட்ல நாலு ஆண்டிமனியும் ஆறு ஆக்சிஜனும் சேர்ந்து தனித்தனிக் கூண்டா நிக்கும், கியூபிக் (கனசதுர) அமைப்பு, எட்டு முகப் படிகமா வளரும். வாலன்டினைட்ல அதே அணுக்கள் சங்கிலி சங்கிலியா நீளமா ஓடும், ஆர்த்தோராம்பிக் (மூணு பக்கமும் வேற வேற நீளமுள்ள செங்கோண) அமைப்பு, சுலபமா பிளந்துக்கும். அடர்த்திகூட செனார்மோன்டைட்டுக்குத் தண்ணியைப் போல 5.5 மடங்கு, வாலன்டினைட்டுக்கு 5.7 மடங்கு. ஆர்சனிக்கும் ஆக்சிஜனும் சேர்ந்த கல்லுங்கள்லயும் இதே கதைதான், ஆர்சனோலைட் கூண்டு, கிளாடெடைட் அடுக்கு அடுக்கா இருக்கும். நமீபியா சுமெப் சுரங்கத்துல கிடைச்ச ஸ்டிபியோகிளாடெடைட்ல அந்த அடுக்குக்குள்ள ஆர்சனிக்கும் ஆண்டிமனியும் சேர்ந்தே உட்கார்ந்திருக்கு, எவ்வளவு அபூர்வமான கல்லு, அதைப் பத்தி ஒரு வார்த்தை எழுதியிருக்கலாமே.

நான் ஈயம் உருக்குற ஃபேக்டரி லேப்ல ரொம்ப வருஷம் வேலை செஞ்சவன். ஈயக்கல்லை வறுக்கும்போது அதுல கலந்திருக்கிற ஆர்சனிக் புகையா கிளம்பி குழாய்க்குள்ள வெள்ளையா படியும், அதைக் கொஞ்சம் எடுத்து மைக்ராஸ்கோப்புல வச்சா குட்டிக் குட்டியா எட்டு முகப் படிகம் மின்னும், அச்சு அசல் ஆர்சனோலைட். கண்ணுக்கு அவ்வளவு அழகு, ஆனா சுத்த விஷம். கூட வேலை செஞ்ச அண்ணன் ஒருத்தருக்கு அந்தத் தூசியால மூக்குக்குள்ள புண்ணாகி ஆறவே இல்ல, மாஸ்க் கேட்டா அடுத்த மாசம் அடுத்த மாசம்னே சொல்லிக்கிட்டு இருந்தாங்க.

அதனாலதான், முன்னாடி ஒரு தடவை இதே பக்கத்துல "கல்லை நாக்குல வச்சு ருசி பார்த்துக் கண்டுபிடிக்கலாம்"னு போட்டப்ப பதறிப்போய் அன்னைக்கே கடிதம் எழுதினேன். ஆர்சனோலைட் தண்ணியில கரையுற சாமான் ஐயா, பிள்ளைங்க வாயில வச்சா என்ன ஆகும்? அந்தக் கடிதத்தை நீங்க போடல. அறிவியலுக்கு முழுப் பக்கம் இருந்த காலம் போய் இப்ப ராசிபலனுக்குக் கீழ அரைப் பக்கமாச்சு, அதையும் பொறுத்துக்கிட்டுத்தான் காசு கொடுத்து வாங்குறோம்.

இன்னொரு வருத்தம், கட்டுரையில அல்ஜீரியா இருக்கு, பிரான்ஸ் இருக்கு, நம்ம மலேசியாவோட சரவாக் மாநிலம் எங்கே? தங்கம், ஆண்டிமனி, ஆர்சனிக் மூணும் சேர்ந்து கிடக்கிற பாவ்ங்கிற ஊர் அங்கதானே இருக்கு. பின்னால சரவாக்குக்கு ராஜாவான ஆங்கிலேயர் ஜேம்ஸ் புரூக் 1839-ல குச்சிங் வந்து இறங்குறதுக்கு முன்னாடியே அங்க ஆண்டிமனி தோண்டிக்கிட்டு இருந்தாங்க, ஜனங்களை அடிச்சு வேலை வாங்கினதுல கலகமே நடந்துச்சு. ஃபார்ம் ஃபோர் (நாலாம் படிவம்) படிக்கிற பிள்ளைங்க இதையெல்லாம் தமிழ்ல வேற எங்க போய்ப் படிப்பாங்க?

நான் கேக்குறது பெருசா ஒண்ணுமில்ல. அடுத்த ஞாயிறு அதே பக்கத்துல ஒரு சின்னக் கட்டம் கட்டி, அந்த வரி தப்புன்னு போடுங்க, கூண்டு ஒண்ணு சங்கிலி ஒண்ணுன்னு ரெண்டு படம் பக்கத்துல பக்கத்துல போடுங்க, அடையாளம் தெரியாத கல்லை வாயில வைக்கக்கூடாதுன்னு கீழ ஒரு வரி சேர்த்துடுங்க.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேப் ஊழியர்,
ஜெலுத்தோங், பினாங்கு