உன் கதாநாயகன் எதில் வந்தான்?

பாளையங்கோட்டை

அன்புள்ள மாப்ளே,

கதை வந்து பத்து நாளாகிறது. கண்புரை ஆபரேஷன் முடிந்து இப்போதுதான் எழுத்து ஒழுங்காகத் தெரிகிறது. ஒன்பதாம் வகுப்பில் எழுதிய அதே கோழிக் கிறுக்கல்தான் இன்னும் உனக்கு.

சரி, கதைக்கு வருகிறேன். 2023 டிசம்பர் வெள்ளம், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை, குறுக்குத்துறை முருகன் கோயில் முங்கியது என்று எல்லாம் எழுதியிருக்கிறாய். அத்தனையும் உண்மை. ஆனால் இரண்டு பக்கம் தண்ணீர் ஏறியும் ஒருத்தர் கால்கூட நனையவில்லையே! தாமிரபரணியில் பெருவெள்ளம் வந்தால் அந்தக் கோயில் முங்கும் என்பது நம் ஊர்ச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அப்புறம் அந்த மகன். ராத்திரி சென்னையில் கிளம்பியவன், விடிந்ததும் அம்மா வீட்டு வாசலில் நிற்கிறான். எதில் வந்தான்? அன்றைக்குத் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயிலே ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்ட முடியாமல், சுமார் 800 பேரோடு நின்றுபோனது. உன் பையன் மட்டும் சட்டை கசங்காமல் வந்து இறங்குகிறான். அவனைக் கோவில்பட்டியிலேயே நிறுத்திப் பார். அம்மா போனை எடுக்கவில்லை. சார்ஜ் போயிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருக்கட்டும். எனக்கென்னவோ கதை அந்த பெஞ்சில்தான் இருக்கிறது என்று படுகிறது.

இதைச் சொல்லும் புத்தி எனக்கு ஒரு வில்லுப்பாட்டில் வந்தது. சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழா. நடுச்சாமம், பாதி சனம் தூக்கம். பாட்டை நடத்துகிற அண்ணாவி வில்லில் வீசுகோலைத் தட்டி ஒவ்வொரு வரி சொல்லும்போதும் பக்கத்தில் இருந்தவர் ‘ஆமா’ போட்டுக்கொண்டே வந்தார். சுடலை ஒரு வீட்டுக்குள் புகுகிற இடம் வந்ததும் ஆமாவை நிறுத்திவிட்டு, “பூட்டுன வீட்டுக்குள்ள எப்படி அண்ணாச்சி போனாரு?” என்றார். என் பக்கத்தில் வாயைத் திறந்து உறங்கிய பெரியவர் முழித்துக்கொண்டார்! அந்த ஆள் உன் மேசைப் பக்கத்தில் இல்லை. நமக்கு வாய்த்ததெல்லாம் ஆமா போடுகிறவர்கள்தான்.

என் சமாச்சாரம் இதைவிட மோசம். வெள்ளம் வடிந்த பிறகு தெருக்கோடி ஆச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். சுவரில் இடுப்பளவுக்குச் சேற்றுக் கோடு. ஆணியிலிருந்து விழுந்த தினசரி காலண்டர் திண்ணையில் காய்ந்துகொண்டிருந்தது. மேலே 17, ஞாயிற்றுக்கிழமை. அடியில் இருந்த பதினாலு தாளும் ஒன்றோடொன்று ஒட்டி, அப்பளக் கட்டு மாதிரி விறைத்துப் போயிருந்தன. ஆச்சி நகத்தால் ஒரு ஓரத்தை நெம்பிப் பார்த்துவிட்டு, “இனி கிழிக்க வேண்டாம்யா, மொத்தமா தூரப் போட வேண்டியதுதான்” என்றாள். வீட்டுக்கு வந்து அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன். நன்றாகத்தான் போனது. கடைசியில் கை சும்மா இருக்காமல், ‘காலமே அங்கு உறைந்து கிடந்தது’ என்று ஒரு வரி போட்டேன். வீட்டுக்காரியிடம் வாசித்துக் காட்டினால், “காலண்டர் நனைஞ்சா ஒட்டத்தான செய்யும்?” என்கிறாள். வாயைத் திறக்க முடியவில்லை. எழுதியவனுக்குப் பயம் வந்த இடத்தில்தான் இப்படிப்பட்ட வரி வந்து விழும் போலிருக்கிறது. வாசிக்கிறவனுக்குப் புரியாமல் போய்விடுமோ என்ற பயம்.

அந்த வரியை அடித்துவிட்டேன். ஆச்சி காலண்டரை என்ன செய்தாள் என்பது பாக்கி. யோசித்துப் பார்த்தும் ஒன்றும் சரிப்படவில்லை. நேற்று நேராகப் போய் அவளிடமே கேட்டேன். அடுப்புப் பற்றவைக்கக்கூட ஆகவில்லையாம். அட்டையில் இருந்த முருகன் படத்தை மட்டும் வெட்டியெடுத்து அரிசிப் பானைக்கு மேலே ஒட்டிவைத்திருக்கிறாள். அதை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். நீ ஆமா போடாமல் படி.

பொங்கலுக்கு வருவாய்தானே? எதில் வருகிறாய் என்று முன்கூட்டியே எழுது.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்