ஷீட்டைத் தேய்க்கச் சொல்லாதீர்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் வீட்டு இணைப்பிதழில் ஷீட் வீட்டைக் கோடையில் குளிர வைக்க யோசனைகள் வந்திருந்தன. "பாசி பிடித்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை இரும்பு பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்து, தூசியைக் கூட்டித் தள்ளிவிட்டு, இரண்டு கோட் வெள்ளை அடியுங்கள்" என்று ஒரு வரி. படித்ததும் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்து உங்கள் பத்திரிகைதான் வாங்குகிறோம். அதனால்தான் மனசு கேட்கவில்லை.

ஷீட்டில் சிமெண்டோடு கலந்திருக்கும் ஆஸ்பெஸ்டாஸ் என்கிற கனிம இழை புற்றுநோய் தரும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. சிமெண்டோடு இறுகி, உடையாமல் கூரையில் இருக்கிற வரை ஷீட்டிலிருந்து இழை அதிகம் வெளியே வராது. அதை அறுத்தாலோ, துளை போட்டாலோ, உடைத்தாலோ, தேய்த்தாலோதான் கண்ணுக்குத் தெரியாத இழை காற்றில் கலக்கிறது. அதாவது, எதைச் செய்யக் கூடாதோ அதைச் செய்யச் சொல்லியிருக்கிறீர்கள். அதுவும் நுரையீரலுக்குள் போன இழை அங்கேயே தங்கிவிடும். நோய் தலைகாட்ட இருபது, முப்பது, நாற்பது வருஷம்கூட ஆகும். இந்தக் கோடையில் உங்கள் பேச்சைக் கேட்டுத் தேய்க்கிறவருக்கு அன்று எதனால் வந்தது என்றே தெரியாது.

என் சித்தப்பா பட்டுக்கோட்டைப் பக்கம் ஷீட் போடும் வேலை பார்த்தவர். கட்டிங் மிஷினை வைத்து அறுக்கும்போது புருவமெல்லாம் வெள்ளையாகிவிடும். வாயில் கட்டத் துண்டுகூட இருக்காது. சாயங்காலம் அவர் கழற்றிப் போடும் சட்டையைச் சித்தி கொல்லையில் நின்று நாலு உதறு உதறிவிட்டுத்தான் ஊறப்போடுவார். பக்கத்திலேயே நாங்கள் விளையாடிக்கொண்டிருப்போம். பிற்காலத்தில் சித்தப்பாவுக்கு இருமலும் மூச்சிரைப்பும் வந்தபோது ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தோம். காசநோய் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள், சளியைத் திரும்பத் திரும்பச் சோதித்தார்கள். "நீங்கள் என்ன வேலை செய்தீர்கள்?" என்று கடைசிவரை ஒரு டாக்டரும் கேட்கவில்லை. அவர் போனது இதனால்தான் என்று நிரூபிக்க என்னிடம் காகிதம் இல்லை. கேட்டிருந்தால்தானே காகிதம் இருக்கும்?

1995-ல் உச்ச நீதிமன்றம் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவேடுகளை 40 வருஷம் பாதுகாக்க வேண்டும் என்று தீர்ப்பு சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் பதிவேடு தொழிற்சாலையில் இருக்கும். வெயிலில் சாரத்தில் நின்று ஷீட்டை அறுக்கிற என் சித்தப்பா போன்றவர்கள் பெயரை எந்தப் பதிவேட்டில் எழுதுவார்கள்?

கஜா புயல் அடித்த 2018 நவம்பரில் எங்கள் தெருவே நொறுங்கிய ஷீட்டாகக் கிடந்தது. உங்கள் நிருபர் வந்தார், படம் எடுத்தார். அந்தத் துண்டுகள் பிறகு எங்கே போயின என்று யாரும் எழுதவில்லை. மழைச் சேற்றுக்குச் சந்தில் பரப்பினார்கள். அதன் மேல் டூவீலர்கள் ஏறி ஏறி மாவாக்கின. மிச்சம் கோழிக்கூண்டுக்கும் தண்ணீர்த் தொட்டி மூடிக்கும் போயிற்று. இறக்குமதியாக வெளிநாட்டிலிருந்து ஆஸ்பெஸ்டாஸ் கழிவு நுழையக் கூடாது என்று விதி வைத்திருக்கிற நாட்டில், எங்கள் தெருக் கழிவை எங்கே கொட்டுவது என்று கேட்டதற்கு உள்ளூர் அலுவலகத்தில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. அப்போதே உங்களுக்குக் கடிதம் எழுதினேன். வரவில்லை. சரி, இடம் இல்லாமல் போயிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2017 டிசம்பரில் இலங்கைத் தேயிலையில் வண்டு இருந்ததாகச் சொல்லி ரஷ்யா இறக்குமதியை நிறுத்தியது. அதையடுத்து இலங்கை, 2018 ஜனவரியில் கொண்டுவர இருந்த ஆஸ்பெஸ்டாஸ் கட்டுப்பாட்டைத் தள்ளிவைத்தது. ஆஸ்பெஸ்டாஸ் விற்கிற பெரிய நாடு ரஷ்யா. நாமும் அங்கிருந்துதான் நிறைய வாங்குகிறோம். உங்கள் வணிகப் பக்கத்தில் தேயிலை விலை வந்தது, ஆஸ்பெஸ்டாஸ் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. பிரிட்டன் 1999-லும், ஆஸ்திரேலியா 2003 முடிவிலும் இதைத் தடை செய்துவிட்டன. இங்கே 1986-லேயே புதிய சுரங்கக் குத்தகை கொடுப்பதை நிறுத்தினார்கள். மண்ணிலிருந்து தோண்டக் கூடாத பொருளை, கப்பலில் வரவழைத்துக் கூரையில் மாட்டிக்கொள்ளலாம் என்பது என்ன நியாயம்?

ஷீட் வீட்டில் இருப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. ஓலை எரியும், ஓடு விலை கூடிவிட்டது, கான்கிரீட்டுக்குக் காசில்லை. கையில் இருக்கிற பணத்துக்கு அதுதான் கிடைக்கிறது. அவர்கள்தான் உங்கள் யோசனையை நம்பி இந்த ஞாயிற்றுக்கிழமை பிரஷ்ஷோடு கூரை ஏறப் போகிறவர்கள். கீழே தொட்டிலில் குழந்தை தூங்கும்.

ஆகவே நான் கேட்பது இதுதான். வரும் இணைப்பிதழில், அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். ஷீட்டைத் தேய்க்க வேண்டாம், மிஷினால் அறுக்க வேண்டாம், உடைந்த துண்டைத் தண்ணீர் தெளித்து நனைத்த பிறகே எடுக்க வேண்டும், தூசியை உலர்வாகக் கூட்டாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும் என்று நாலு வரி போதும். மூலையில் பொடி எழுத்தில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
பட்டுக்கோட்டை.