வரமாட்டேன் என்று சொன்னவனுக்கும் ஒரு கப்பல் கொடுங்கள்

கப்பலுக்கு ஆளெடுக்கும் ஏஜென்சிகளுக்கு உரிமம் கொடுக்கவும், வேண்டுமானால் அதைப் பிடுங்கவும் அதிகாரம் உள்ள பெரியவர்களுக்கு,

வணக்கம். நான் தூத்துக்குடிக்காரன். 19 வருடமாகக் கப்பலில் வேலை, இப்போது மோட்டார்மேன், அதாவது இன்ஜின் ரூம் ஆள். செங்கடலில் 2023 நவம்பரிலிருந்து ஏமனின் ஹூதிப் படையினர் சரக்குக் கப்பல்களைத் தாக்கியதைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எந்தத் தேதியில் எந்தக் கப்பல் அடிபட்டது என்பதெல்லாம் உங்கள் ஃபைலில் இருக்கும். ஃபைலில் ஏறாத ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இந்த மடல்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு தம்பி வீட்டுக்கு வந்திருந்தான். 2024 ஜூலையில் என்னோடு ஒரே கப்பலில் ஓஎஸ்ஸாக, அதாவது கடைநிலை மாலுமியாக இருந்த பையன். இப்போது உப்பளத்தில் லாரி லோடுக்குக் கணக்கு எழுதுகிறான். ஏஜென்சி அனுப்பிய மெசேஜைக் காட்டினான்: "தற்போது உங்களுக்கு ஏற்ற வேக்கன்சி இல்லை." இது ஒன்பதாவது முறை. ஒரு எழுத்துகூட மாறவில்லை. அதே வாரம் அதே ஏஜென்சியிலிருந்து எனக்கு போன்: "அண்ணே, ஓஎஸ் யாராவது இருந்தா சொல்லுங்க, ரொம்ப அவசரம்."

அவன் செய்த குற்றம் ஒன்றுதான். போர் நடக்கிற கடலுக்கு வரமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தான்.

ஜாயின் பண்ணும்போது எங்களிடம் சொன்னது, கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் போகும் என்று. சரக்கு ஏற்றிக் கிளம்பி, அரபிக்கடலில் இருக்கும்போது உத்தரவு மாறியது. சூயஸ் வழி. பத்துப் பன்னிரண்டு நாள் மிச்சம், எண்ணெய் மிச்சம். சரி, முதலாளியின் கணக்கு அவருக்கு. அன்று இரவுச் சாப்பாட்டு நேரத்தில் கேப்டன் மெஸ் ரூமுக்கு வந்து, ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு தாளை வைத்தார். ஆளுக்கு ஒரு தாள் இல்லை, எல்லோருக்கும் சேர்த்து ஒரே தாள். 21 பேர் பெயர் வரிசையாக. பெயருக்கு நேரே இரண்டு கட்டம்: சம்மதம், சம்மதமில்லை. முதல் வரியில் கேப்டனின் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. காலை எட்டு மணிக்குள் கம்பெனிக்கு அனுப்ப வேண்டுமாம்.

கேப்டன் கெட்டவர் இல்லை. யாரையும் மிரட்டவும் இல்லை. அந்தத் தாளே போதுமானதாக இருந்தது. மேலே இருப்பவன் என்ன போட்டிருக்கிறான் என்று பார்த்துவிட்டுத்தான் கீழே இருப்பவன் பேனாவை எடுக்க வேண்டும். சீஃப் குக் இரண்டு தடவை கையைத் துடைத்துக்கொண்டு வந்து போட்டார். நானும் சம்மதம் போட்டேன். மகளுக்குக் கல்லூரி ஃபீஸ் கட்ட வேண்டிய மாதம் அது. அந்தத் தம்பி மட்டும் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். தாளில் என் பெயருக்குக் கீழேதான் அவன் பெயர். நான் எங்கே போட்டிருக்கிறேன் என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு, அடுத்த கட்டத்தில் டிக் அடித்தான்.

ஓமன் நாட்டின் சலாலா துறைமுகத்துக்கு வெளியே லாஞ்ச் வந்து அவனை இறக்கிக்கொண்டு போனது. ஃப்ளைட் டிக்கெட் போட்டார்கள், தொழிற்சங்க ஒப்பந்தப்படி இரண்டு மாத அடிப்படைச் சம்பளமும் கொடுத்தார்கள். அதில் குறை சொல்ல மாட்டேன். அதற்கப்புறம்தான் இந்த ஒன்பது மெசேஜ்.

நாங்கள் போனோம். கப்பல் இருக்கும் இடத்தைக் காட்டும் ஏஐஎஸ்ஸை அணைத்துவிட்டு, வைஃபையை நிறுத்திவிட்டு, செங்கடலின் தெற்கு வாசலான பாப் எல் மண்டேபைத் தாண்டினோம். அரபு மொழியில் அதற்குக் கண்ணீர் வாசல் என்று அர்த்தம். அதற்கு முந்தைய மாதம்தான், ஜூன் 12-ல், 'டியூட்டர்' கப்பலின் பின்பக்கத்தில் ஆளில்லாப் படகு மோதி, இன்ஜின் ரூமில் இருந்த பிலிப்பைன்ஸ்காரர் இறந்துபோனார். மார்ச் 6-ல் 'ட்ரூ கான்ஃபிடன்ஸ்' கப்பலில் மூன்று பேர். இன்ஜின் ரூமில் நிற்கிறவனுக்குக் கடலும் தெரியாது, வானமும் தெரியாது; சத்தம் கேட்டால்தான் உண்டு. அந்த இரண்டு இரவும் என் மனைவிக்கு நான் எங்கே இருக்கிறேன் என்று தெரியாது. இதற்கு அலவன்ஸ் உண்டு: அடிப்படைச் சம்பளம் அளவுக்கு இன்னொரு சம்பளம், குறைந்தது ஐந்து நாளுக்கு. அந்த வருடம் ஒரு ஏபியின், அதாவது ஓஎஸ்ஸுக்கு அடுத்த படியில் இருக்கும் மாலுமியின், குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் மாதம் 666 டாலர். வகுத்துப் பாருங்கள், நாளுக்கு 22 டாலர் வரும். அந்த ஒப்பந்தமே இல்லாத கப்பல்களில் இருப்பவர்கள் எங்களைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள்.

போர்ப் பகுதிக்குள் வர மறுக்கலாம் என்ற உரிமை தாளில் இருக்கிறது. உரிமையைப் பயன்படுத்தியவனுக்கு வேலை போகும் என்றால் அதற்குப் பெயர் உரிமையா, பொறியா? என் கோரிக்கை சின்னது. வரமாட்டேன் என்று சொன்னவனுக்கு அடுத்த கப்பல் கிடைக்க வேண்டும். அப்படி எழுதிக் கொடுத்தவர்கள் யார் யார், அதன்பின் எத்தனை மாதம் கரையில் கிடந்தார்கள் என்று ஒவ்வொரு ஏஜென்சியிடமும் கணக்குக் கேளுங்கள். சம்மதத்தைக் கப்பல் ஏறுமுன்னே, கரையில், ஆளுக்கு ஒரு தாளில் வாங்கச் சொல்லுங்கள். நடுவழியில் பாதை மாறினாலும் அதே மாதிரி தனித்தனித் தாள். பக்கத்தில் இருப்பவன் பார்க்கக் கூடாது.

மறுத்தவனைத் தண்டிப்பது இன்றைக்கு வந்த பழக்கமும் இல்லை. 1939-ல் போர் தொடங்கியதும், பிரிட்டிஷ் கப்பல்களில் இருந்த இந்திய மாலுமிகள் கூடுதல் சம்பளம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். வெள்ளைக்கார மாலுமிக்குக் கொடுத்ததில் சின்னப் பங்குதான் அவர்களுக்கு. நூற்றுக்கணக்கானவர்களைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். அந்தப் போரில் செத்த இந்திய மாலுமிகள் சுமார் 6,600 பேர். சிட்டகாங் போர்க் கல்லறையில் அவர்கள் பெயர்கள் ஒரு புத்தகத்தில் இருக்கின்றன. கல்லில் இல்லை. நம் ஊரிலும் அதே கதைதான். 1914-ல் சென்னையில் குண்டு போட்ட ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் இன்னும் நம் வாயில் இருக்கிறது, கெட்டிக்காரப் பயலை எம்டன் என்கிறோம். எம்டன் வேட்டையாடியது பெரும்பாலும் சரக்குக் கப்பல்களை. அந்தக் கப்பல்களில் கரி அள்ளிப் போட்டவன் பெயர் நமக்கு எதற்கு?

ஏப்ரல் 5 வந்தால் மட்டும் கடல்சார் தினம், சால்வை, குத்துவிளக்கு. போர் வந்தால் "நாட்டின் உயிர்நாடி" என்ற பட்டம். உயிர்நாடிக்கு ஒன்பது மெசேஜ்.

மன்னிக்கவும், கொஞ்சம் சூடாகிவிட்டது. கோபத்தைக் காட்ட இதை எழுதவில்லை. பிலிப்பைன்ஸ் அரசு தன் ஆட்களின் மறுக்கும் உரிமையை உத்தரவாகவே போட்டது; உங்களாலும் முடியும். தயவுசெய்து அந்தக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள். வரமாட்டேன் என்று சொன்னவனுக்கு அடுத்த கப்பல் கிடைக்கும்படி செய்யுங்கள்.

தம்பியின் பெயரையோ ஏஜென்சியின் பெயரையோ இங்கே எழுதவில்லை. எழுதினால் பத்தாவது மெசேஜ்கூட அவனுக்கு வராது. நீங்கள் கூப்பிட்டால் அவனையும் அழைத்துக்கொண்டு நேரில் வருகிறேன். எனக்கு அடுத்த மாதம் 10-ம் தேதி ஜாயினிங், அதற்குள் என்றால் நல்லது.

இப்படிக்கு,
சம்மதம் என்று கையெழுத்துப் போட்ட ஒரு மோட்டார்மேன்,
தூத்துக்குடி